துக்கம் கேட்கப் போன மேஜர்

"தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, சார். மடிச்சு உள்ள வைங்க" என்றான் மொழிபெயர்ப்பாளன் ராக்கி.

மேஜர் வெஸ்டன் கையிலிருந்த இரங்கல் கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்தார். லோகர் மாகாணச் சாலையின் பள்ளங்களில் கவச வண்டி ஏறி இறங்கியது.

"அப்புறம்?"

"வாசல்லயே ஹெல்மெட்டைக் கழட்டணும், பூட்ஸையும். துப்பாக்கி வண்டியிலயே இருக்கட்டும். உட்காரும்போது உங்க பாதம் யாரையும் பார்த்து இருக்கக் கூடாது. டீயை வலது கையால வாங்குங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க. அவர் பேசற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"அவர் பேசற வரைக்கும், சார்."

எதிரே இருந்த உள்நாட்டு ராணுவக் கர்னல் தோர்யாலைக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். கேட்டுக்கொண்டே வந்தார். மூன்று நாட்களுக்கு முன்பு அவருடைய படையின் காவல்சாவடி மேல் மேஜர் தரப்பு வெளிநாட்டு விமானம் எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டுவிட்டது. ஐந்து பேர் செத்தார்கள். நான்கு பேர் தூர மாகாணத்துக்காரர்கள். ஹேவாத் என்ற சிப்பாய் மட்டும் பக்கத்து ஊர். அவன் வீட்டுக்குத்தான் இப்போது போகிறார்கள்.

ராக்கியைக் கர்னலுக்குப் பிடிக்காது. அது வெளிநாட்டார் வைத்த பெயர். மொழிபெயர்ப்பாளர்களிடம் சொந்தப் பெயரையோ ஊரையோ யாரும் கேட்பதில்லை. வெளியே தெரிந்தால் கிளர்ச்சிக்காரர்கள் அவர்கள் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்கள். முகாமை விட்டுக் கிளம்பினாலே கண் மட்டும் தெரியும்படி முகத்தைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். அதெல்லாம் கர்னலுக்குப் புரிந்தது. ஆனால் மற்ற இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் இந்த வீட்டுக்கு வர முடியாது என்று மறுத்தபோது, இவன் மட்டும் ஏன் தானாக முன்வந்தான்?

"என்னடா, அவங்க நாட்டு விசாவுக்கா?" என்று தங்கள் மொழியான பஷ்தூவில் கேட்டார். "சாவு வீட்டுக்கு மேஜரைக் கூட்டிட்டுப் போய் நல்ல பேர் வாங்கினா சீக்கிரம் கிடைச்சிடுமோ?"

ராக்கி தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாம், கர்னல் சாஹிப்."

கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேரைச் சொல்லுங்க, சார்" என்றான் அவன் மேஜரிடம். "வெறுமனே 'உங்க மகன்'னு சொல்லிட்டு விட்டுடாதீங்க. ஹேவாத்."

"ஹீவட்."

"ஹே... வாத். மறுபடியும்."

சரியாக வரும்வரை அவன் விடவில்லை. ஏழெட்டு முறை சொல்ல வைத்தான்.

"அப்புறம், 'விபத்து'ங்கற வார்த்தை வேண்டாம். தப்பு எங்களோடதுன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, ராக்கி."

"அப்ப வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. போக வேண்டாம்."

கர்னலே நிமிர்ந்து பார்த்தார். மேஜரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. மேஜர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"சரி. சொல்றேன்."

வீட்டில் ஹேவாத்தின் அப்பா ஹாஜி குல்தாத் சுவரோரம் உட்கார்ந்து ஜெபமணி உருட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். உள்ளறையில் பெண்கள் அழும் சத்தம். மேஜர் சொன்னபடியே செய்தார். எல்லோரும் இறந்தவனுக்காகக் கையேந்தியபோது அவரும் ஏந்தினார். டீ ஆறிப்போகும்வரை மௌனமாக இருந்தார்.

"சொல்லுங்க" என்றார் ஹாஜி கடைசியில்.

"ஹேவாத் எங்க குண்டால செத்தார். தப்பு எங்களோடது. அவரைத் திருப்பித் தர என்னால முடியாது. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

ராக்கி அதைப் பஷ்தூவில் சொல்லத் தொடங்கினான். முதல் சொல்லிலேயே கிழவரின் விரல்கள் மணியில் நின்றுவிட்டன. உள்ளே அழுகையும் சட்டென்று நின்றது. வெளிநாட்டான் என்ன சொல்கிறான் என்று காது கொடுக்கிறார்கள் போலும் என்று கர்னல் நினைத்தார்.

மூலையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அந்த மேஜரை விடு, அவன் வேற தேசத்துக்காரன். நீ இந்த மண்ணுல பொறந்தவன்தானே? மூஞ்சியை மூடிக்கிட்டு அவனுக்கு வாயா வந்திருக்கியே, உன்னைப் பெத்தவன் வெட்கத்துல செத்தே போயிருப்பானே!"

"என்ன சொல்றார்?" என்றார் மேஜர்.

"கோபமா இருக்கார், சார்."

ஹாஜி கையை உயர்த்தினார். "உட்காரு, நாதிர். என் வீட்டுக்குள்ள வந்தவங்க என் விருந்தாளிங்க. அவனைப் பெத்தவனைப் பத்தி இங்க யாரும் பேசக் கூடாது."

பிறகு மேஜரைப் பார்த்துச் சொன்னார்: "என் மகன் பேரைச் சரியாச் சொன்னீங்க. சொல்லிக்கொடுத்தவனுக்கு அல்லா ஆயுசைக் கொடுக்கட்டும்."

ராக்கி முதல் பாதியை மட்டுமே மொழிபெயர்த்தான். துக்கத்தில் இருப்பவர் சொன்னதையே விழுங்கிவிட்டானே என்று கர்னல் நினைத்தார். அவனைப் பற்றிய மதிப்பு இன்னும் ஒரு படி இறங்கியது.

விடைபெறும்போது ஹாஜி வாசல்வரை வந்து ஒவ்வொருவரையும் வழக்கப்படி தழுவி அனுப்பினார். மேஜர் முதலில் போனார். அடுத்து ராக்கி. அவனுக்குப் பின்னால் கர்னல். ஊர்க்காரர்கள் உள்ளேயே நின்றுவிட்டார்கள்.

தழுவிய கையை எடுக்காமல், கிழவர் துணி மூடிய ராக்கியின் காதருகே முணுமுணுத்தது ஒட்டி நின்ற கர்னலுக்கு மட்டும் கேட்டது.

"போற வழியில, வாய்க்கால் ஓரத்து மல்பெரி மரத்தடியிலதான் உன் தம்பியைப் புதைச்சிருக்கோம். பார்த்துக்கிட்டே போ, மகனே. வண்டியை விட்டு மட்டும் இறங்கிடாதே."

"என்ன சொன்னார்?" என்று மேஜர் திரும்பிக் கேட்டார்.

"வழி சொன்னார், சார்" என்றான் ராக்கி.