உட்கார்ந்து ஏறிய மலை

ரங்கையாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பாலசமுத்திரம் முழுக்கப் பேச்சு. கணுக்கால் உடைந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அலிபிரியில் படியேறித் திருமலைக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வேறென்ன சொல்வார்கள்?

கால் உடைந்த கதையும் பரிதாபம்தான். ஒரே மகன் ஹரிபாபு கம்ப்யூட்டர் படித்தவன். கூடப் படித்தவர்கள் எல்லாம் அமெரிக்காவில் கார்மேல் சாய்ந்து நின்று போட்டோ அனுப்பிக்கொண்டிருந்த காலம். அவனும் மூன்றாவது முறையாக விசா கேட்டு மெட்ராஸ் போனான். இந்தத் தடவையும் இல்லை என்று ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது.

கேட்டதும் ரங்கையா ரிசீவரைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். வாசலில் மூன்று படி இருந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. பெற்ற மனசு, அதிர்ச்சி தாங்கவில்லை என்று பூத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருப்பதி டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு இரண்டுமே உடைந்துவிட்டதாம். பிளேட் வைத்து ஸ்குரூ போட்டிருக்கிறாராம். ஆறு வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் மூட்டு விலகி ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்றார்.

"ஊனாம ஏறுனா?" என்று கேட்டார் ரங்கையா.

டாக்டர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். ரங்கையா அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

மனைவி கமலம்மா அழுது பார்த்தாள். பெருமாள் எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டார், எலும்பு சேரட்டும் என்றாள். ஒரு மாதத்துக்குள் ஏறுவதாக வேண்டிக்கொண்டாயிற்று, நாள் கடத்த முடியாது என்றுவிட்டார்.

அலிபிரி முதல் படியில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலால் உந்தி, அடுத்த படியில் போய் உட்கார்ந்தார். மாவுக்கட்டுக் காலைத் துண்டில் ஏந்திக்கொண்டு ஹரிபாபு எதிரே ஏறினான். மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி.

படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள், கைப்பழக்கத்தில் மாவுக்கட்டுக்கும் வைத்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்கள் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் அதன்மேல் கற்பூரமே ஏற்றிவிட்டார். ஹரிபாபு அவசரமாக ஊதி அணைத்தான்.

நூற்றுப் பத்தாவது படியில் அவனுக்குத் தாங்கவில்லை. அப்பாவின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. இப்படி ஓர் அப்பன் யாருக்குக் கிடைப்பான் என்று அழுகை முட்டியது. தன் விசாவுக்காக இவர் இன்னும் என்னவெல்லாம் படுவாரோ என்று பயமும் வந்தது.

"போதும் நைனா, எறங்கிடலாம். வேண்டுதல் பலிச்சாதான ஏறணும்? எனக்குத்தான் விசா வரலியே."

ரங்கையா காதில் விழாதவர்போல் இன்னும் இரண்டு படி ஏறினார். மகன் விடவில்லை, மறுபடியும் கேட்டான்.

அவர் அவன் முகத்தைப் பார்க்காமல், கீழே தெரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வேண்டிக்கினது பலிச்சிடுச்சிடா."