தூரத்துச் சாவு

வெடித்துச் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் இழவு சொல்ல ஒளிக்கீற்று ஒன்று கிளம்பியது. பாதி அண்டத்தைக் கடந்து, ஒரு தொலைநோக்கியின் கண்ணாடியில் வந்து விழுந்தபோது துவண்டு போயிருந்தது.

“ரொம்ப தூரத்துச் சாவுங்க” என்றது.

தொலைநோக்கி ஏற இறங்கப் பார்த்தது. “உங்க வகை நட்சத்திரமெல்லாம் சாகும்போது ஒரே அளவுதான் எரியும். நீ இத்தனை பளிச்சுன்னு இருக்கியே. அப்ப பக்கத்துச் சாவுதான்.”

“வழியில ஒரு பெரிய நட்சத்திர மண்டலம் உட்கார்ந்திருந்துச்சுங்க. அதோட கனத்துல பாதையே வளைஞ்சு கிடந்துச்சு. எங்கெங்கேயோ போகவேண்டிய கீற்றுங்களும் என்னோட சேர்ந்து இங்க திரும்பிடுச்சுங்க. அதான் பளிச்சுன்னு தெரியுது.”

“வர்றவங்க எல்லாம் இப்படி ஒரு கதை வச்சிருக்கீங்க” என்றது தொலைநோக்கி.

அந்த நேரம் பார்த்து, மண்டலத்தின் மறுபக்கமாகச் சுற்றி வந்த தம்பிக் கீற்று, அதே இழவுச் சேதியோடு தள்ளாடி வந்து விழுந்தது.

“அடடா, பக்கத்துலயே இன்னொரு சாவா” என்று தொலைநோக்கி உச்சுக்கொட்டியது.

அண்ணன் வாயைத் திறந்தது. மறுபடி முதலிலிருந்து விளக்கத் தெம்பில்லாமல் மூடிக்கொண்டது. பின்னால் இன்னும் இரண்டு தம்பிகள் வந்துகொண்டிருப்பதை அது சொல்லவேயில்லை.