பயன்படுத்துபவர் பிழை

2023 ஏப்ரல் 19, ஈரோடு. கூட்டுறவு அலுவலகம் ஒன்றின் ஆபரேட்டர் அறையிலிருந்து, புதிய டச் ஸ்கிரீன் போன் குறித்த நான்காவது புகார் காலை 9.50க்குப் பதிவானது. பதினொன்றரைக்கு ஆள் வந்தான்.

ஆபரேட்டர் பூங்கோதை கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

வெளியே வைத்தால் நடுங்குவது தெரிந்துவிடும். கோபத்தில்தான் நடுங்கின. பார்க்கிறவர்கள் பயம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எதிரே சர்வீஸ் இன்ஜினியர் சிபி. போன் கண்ணாடியில் அவன் நகம் படும் சத்தம். மணி அடித்தது. எடுத்தான். வைத்தான்.

"சூப்பரா வேலை செய்யுதுங்க மேடம். ஓடிபி சொல்லுங்க, புகாரை மூடிடறேன்."

மூன்று முறை சொல்லியிருக்கிறாள். அவள் செல்போனுக்கு நாலு எண் வரும். செல்போன் அதை அவள் காதில் வாசிக்கும். அவள் அவனிடம் சொல்வாள். புகார் மூடிக்கொள்ளும்.

மூடும்போது அவன் என்ன காரணம் போட்டான் என்பது நேற்றுதான் தெரிந்தது.

பயன்படுத்துபவர் பிழை.

மூன்று முறையும்.

அதை அப்படியே எடுத்து மெமோவில் போட்டிருந்தார்கள். பக்கத்து செக்‌ஷன் ஆள் ஒருவர் வாசித்துக் காட்டினார். நான்காவது புகார் வந்து, அதுவும் இதே காரணத்தால் எழுந்தது எனத் தெரியவந்தால், ஆபரேட்டர் திருமதி பூங்கோதை அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு பதிவறைக்கு மாற்றப்படுவார்.

பதிவறையில் இருப்பது காகிதம். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

இருபத்து மூன்று வருடம் இதே நாற்காலி. பழைய போனில் ஐந்தாம் எண் பொத்தானின் மேல் ஒரு சின்னப் புள்ளி உண்டு. விரல் அதில் போய் உட்கார்ந்துவிட்டால் மற்ற எண்களெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். யூரியா வந்துவிட்டதா என்று கேட்கிற விவசாயி பேசி முடிப்பதற்குள் அவரை உரப் பிரிவுக்கு மாற்றிவிடுவாள்.

இன்டர்நெட் போனுக்கு மாறப்போகிறோம் என்றார்கள். மாறட்டும். பேச்சு எந்தக் கம்பியில் போனால் அவளுக்கென்ன.

மூன்று மாடல்களை மேசையில் வைத்த அன்று அவளையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இரண்டாவதில் பொத்தான் இருந்தது. புள்ளி இருந்தது.

"இது" என்றாள்.

யாரோ சிரித்தார். "அது அந்தக் காலத்து ஸ்டைலுங்க மேடம். இதப் பாருங்க, டிவி மாதிரி இருக்குது!"

கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்: ஆபரேட்டரின் கருத்தும் கேட்கப்பட்டது.

வந்தது கண்ணாடி. முழுக்க வழவழவென்று. ரிசீவரை எடுக்கலாம், பேசலாம், வைக்கலாம். விரலுக்கு எதுவும் தட்டுப்படாமல் இன்னொருவருக்கு மாற்ற முடியாது. திரையில் அழைப்பை மாற்றுகிற பக்கத்தில் பெரிதாக இருந்த முதல் கட்டம் பொது மேலாளருடையது. வாங்கிய அன்றே அப்படி வைக்கச் சொல்லியிருந்தார்கள். விரல் தவறிய அழைப்புகளில் பாதி அவருக்கே போனது.

"மேடம், ஓடிபி."

"கண்ண மூடிக்கிட்டு உரப் பிரிவுக்கு ஒரு கால் மாத்துங்க. ரெண்டு ஒண்ணு நாலு. மாத்திட்டீங்கன்னா சொல்றேன்."

"வெளையாடாதீங்க மேடம். நான் இன்னும் ஆறு எடம் போகோணும்."

"நானா வெளையாடறேன்? மூணு தடவ வந்தீங்க. கேபிள மாத்துனீங்க. ரீஸ்டார்ட் பண்ணுனீங்க. அப்டேட்டுன்னு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்க. என்ற வெரல் எங்க போகுதுன்னு ஒருக்காவாச்சும் பாத்தீங்களா?"

அவன் நாற்காலியைப் போனுக்கு நேரே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அவள் தன் செல்போனிலிருந்து அலுவலக எண்ணை அழைத்தாள். மேசையில் மணி அடித்தது.

"கண்ண மூடியாச்சுங்களா?"

"மூடிட்டேனுங்க."

மூடினானா என்று அவளால் பார்க்க முடியாது.

கண்ணாடியில் விரல் தேய்கிற சத்தம். ஒரு தொடல். அவள் செல்போனில் காத்திருப்புப் பாட்டு ஓடியது. "ச்சே" என்றான். இன்னொரு தொடல். இன்னொன்று.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

மேசை போனின் ஸ்பீக்கரில் பொது மேலாளரின் குரல் வெடித்தது.

"ஏம்மா, மறுபடியுமா? கண்ணுதான் இல்ல, அறிவுமா இல்ல?"

டொக்.

கண்ணை மூடித்தான் இருந்திருக்கிறான்.

இரண்டு மாதமாக, ஒரு நாளைக்கு நாலைந்து முறை, அவள் கேட்டுவந்த குரல் அது. அவன் இப்போதுதான் கேட்கிறான்.

"போட்டது நான்தான்னு நீங்க சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

"ஏன், உங்களுக்கு வாயில்லையா?"

அவன் தன் செல்போனில் எழுத்துகளை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் அழுத்தினான்.

"என்ன எழுதறீங்க?"

வாசித்தான். "கண்ணை மூடிச் சோதித்தேன். வேலை செய்யவில்லை."

"காரணம்?"

"லிஸ்ட்டுல இதுக்கு ஒண்ணும் இல்லீங்க. கருவிப் பழுதுன்னு போட்டிருக்கேன்."

அவள் கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நடுக்கம் நின்றிருக்கவில்லை. நிற்கட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.

"எட்டு. ரெண்டு. ஏழு. ஒண்ணு."

மே 3 அன்று ஆபரேட்டர் அறைக்குப் பொத்தான் வைத்த போன் வந்தது.

மே 5 அன்று இரண்டாவது மெமோ வந்தது. ஏப்ரல் 19, காலை 11.42 மணிக்குப் பொது மேலாளருக்குச் சென்ற தவறான அழைப்புக்கு, ஆபரேட்டர் திருமதி பூங்கோதை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும்.