நண்டு வளை

பழவேற்காட்டிலேயே கம்ப்யூட்டரைத் தொட்ட ஒரே ஆள் அமீர் ஜான். கரையில் கவிழ்த்துப்போட்ட படகுக்கடியில் உட்கார்ந்து, சீட்டைக் கலைத்துக்கொண்டே தன் ஆபீஸ் பிரதாபத்தை அளந்துகொண்டிருந்தான்.

“முன்னாடி எதுல தேடச் சொன்னாலும் கம்ப்யூட்டர் முதல்லேருந்து ஒண்ணொண்ணா பாத்துக்கினே வரும். நான் மாத்திட்டேன். எதுக்குள்ள தேடுறோமோ அதுக்குத் தக்க வழி.”

“பிரியல பாய்,” என்றான் படகுக்காரன் கோபால்.

“இறாலுக்குச் சேத்தத் துழாவுற. நண்டுக்கு நேரா வளையில கைய வுடுற. அதான்.”

“வீட்ல சொன்னியா?”

“காலைல மஸூதாகிட்ட சொன்னேன். டக்குனு புடிச்சிக்கினா.”

வெளியிலிருந்து படகுக்கடியில் ஒரு வளையல் கை நுழைந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தது.

“ஊரெல்லாம் துழாவாம நேரா வளைக்கே வந்துட்டேங்க,” என்றாள் மஸூதா. “ஆபீசுக்குப் போற மெட்ராஸ் ரயிலு இதுக்குள்ளாறதான் ஓடுதா?”