சற்குணத்தின் வாத்து வேட்டை

இராசநாயகம் இப்படிக் காலை வாரிவிடுவார் என்று சற்குணம் கனவிலும் நினைக்கவில்லை.

"பொலிஸ்காரன் வந்து விசாரிச்சா, சற்குணம் வாத்து சுடப் போற ஆள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லச் சொன்னனான். அவ்வளவுதான். மனுசன் என்ன சொல்லியிருக்குது தெரியுமோ? கடைக்கு வாற கள்ளனைச் சுடத்தான் துவக்குக் கேக்கிறார் எண்டு சொல்லிப்போட்டுது."

"உண்மையைத்தானே சொன்னவர்," என்றாள் மனைவி எமில்டா, பால் போத்தல்களை அடுக்கியபடி.

"நீர் பேசாம இரும்."

ஒக்லாந்து நகரில், மங்கரேப் பகுதியில் அவர்களுக்கு ஒரு டெய்ரி. பாலும் பாணும் சிகரெட்டும் விற்கும் மூலைக்கடை. இந்த வருடத்தில் மட்டும் இரண்டு தடவை கள்ளர் வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை கத்தி எமில்டாவின் கழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து கதவு மணி அடித்தாலே அவளுக்குக் கை நடுங்கும். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சற்குணம் தன்னையே கேட்டுக்கொள்வார். ஊர்ச் சண்டையில் ஷெல்லுக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்தது கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கவா?

இந்த நாட்டில், என்னைக் காப்பாற்றத் துவக்கு வேண்டும் என்றால் லைசென்ஸ் தர மாட்டார்கள். வேட்டைக்கு என்றால் தருவார்கள். கோழி உரிப்பதற்கே எமில்டாவைக் கூப்பிடுகிற சற்குணம் ஒரே நாளில் வேட்டைக்காரர் ஆனது அப்படித்தான். அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும் என்றார்கள். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற, பூசை தவறாத இராசநாயகத்தின் பெயரைக் கொடுத்தார். அதன் பலன்தான் இது: லைசென்ஸ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும் மண்டபத்தில் சற்குணம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, யேசுவோட திரிஞ்ச இராயப்பரே இடுப்பில வாள் வைச்சிருந்தவர். நான் ஒரு துவக்கு வைச்சிருந்தா மட்டும் பாவமோ?"

"வைச்சிருந்தவர்தான். யேசுவைப் பிடிக்க வந்த அண்டைக்கு உருவி வீசினவர். ஆருக்குப் பட்டது? கூட வந்த ஒரு வேலைக்காரன்ர காதில."

"காது போனா என்ன? யேசு அதை ஒட்டிவிட்டவர்தானே."

"உம்மட கடை வாசல்ல ஆர் நிண்டு ஒட்டுறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சற்குணத்துக்கு முகம் கறுத்துப்போயிற்று.

"உங்கட மனுசியின்ர கழுத்தில கத்தி வைச்சிருந்தா இப்பிடிப் பகிடி விட மாட்டியள். வேதம் கதைக்கிறது சுகம் அண்ணை. கடையில நிண்டு பாத்தாத்தான் தெரியும்."

இராசநாயகம் பக்கத்தில் நின்ற எமில்டாவின் கையை ஒரு தரம் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. அடுத்த பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் இராசநாயகம் இவர் பக்கம் திரும்பிக் கை நீட்டினார். சற்குணம் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

கொஞ்ச நாளில் எமில்டா பயந்துபோய் உள்ளே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, றோட்டுக்கு அங்கால ஒரு கறுப்புக் கார். நாலைஞ்சு நாளாக் கடை பூட்டுற நேரம் பாத்து வந்து நிக்குது. உள்ளுக்கு ஒருத்தன் தொப்பியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு எங்களையே பாத்துக்கொண்டிருக்கிறான்."

"பாத்தீரோ? நோட்டம் விடுறாங்கள். இப்ப என்னட்ட ஒரு துவக்கு இருந்திருக்க வேணும்."

"பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"நீர் அடியும். நான் அவனை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

கல்லாவுக்குக் கீழே மகனின் பழைய கிரிக்கெட் மட்டை கிடந்தது. எமில்டா தடுக்கத் தடுக்க அதை எடுத்துக்கொண்டு, பின்கதவால் இறங்கி, சுற்றிப் போய்க் காரின் பின்பக்கமாக வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. எமில்டாவின் கழுத்தும் அந்தக் கத்தியும்தான் கண்ணுக்குள் நின்றன.

உள்ளே இருந்தவன் பக்கத்து இருக்கையில் எதையோ எடுக்கக் கை நீட்டினான்.

அவ்வளவுதான். சற்குணம் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினார். கதவுக் கண்ணாடி சிதறியது.

"ஐயோ, தம்பி!"

தெரிந்த குரல். தொப்பி கழன்று விழுந்தது. இராசநாயகம்! எடுக்கப் போனது தேத்தண்ணிப் பிளாஸ்க். அதன் பக்கத்தில் ஒரு செபமாலை.

"அண்ணை… நீங்களோ? இது ஆரின்ர கார்?"

"மருமகன்ர. என்ர காரெண்டா நீர் கண்டிட்டுக் கலைச்சுப்போடுவீர்."

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"வேலை முடிஞ்சு போற வழிதானே. பூட்டுற நேரத்தில வெளியில ஒரு ஆள் நிண்டா, கள்ளர் கிட்ட வர யோசிப்பாங்கள். துவக்கு வேண்டாம் எண்டுதான் சொன்னனான் தம்பி. காவல் வேண்டாம் எண்டு சொன்னனானோ?"

அவருடைய காதிலிருந்து இரத்தம் வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்துக்கொண்டிருந்தது. எமில்டா ஓடி வந்து தன் சால்வையால் அதை அழுத்திப் பிடித்தாள். இந்த முறை நடுங்கியது அவள் கை அல்ல. சற்குணத்தின் கையிலிருந்து மட்டை நழுவி விழுந்தது. அந்தக் கைக்குத் தான் என்ன கேட்டு மன்றாடினோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நடுறோட்டில் நின்று விம்மி விம்மி அழுதார்.

இராசநாயகம் அவருடைய தோளைத் தட்டினார்.

"அழாதையும் தம்பி. காதோட போச்சு."