பஞ்சாங்க அப்டேட்

வினோத்குமாருக்கு நாவலூரில் வேலை தயார். குறுக்கே நின்றது ஒரே ஒரு அரியர்: ஆபரேட்டிங் சிஸ்டம். இந்தமுறையும் கோட்டைவிட்டால் வேலை கோவிந்தா. கேள்வித்தாள் தயாரிப்பவரோ பேராசிரியர் யக்ஞநாராயணன்.

தாம்பரத்தில் இருந்த அந்தக் கல்லூரி லேபில் அவர் வைத்ததுதான் சட்டம். எல்லா மெஷினும் லினக்ஸ். சாஃப்ட்வேர் வேண்டுமா, லேப் சர்வரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதிலும் சாரின் டிஜிட்டல் முத்திரை இருக்க வேண்டும்.

"ஸ்டேஷன் வாசல்ல நாப்பது ரூபாய்க்கு சிடி விக்கிறான் மச்சான். அதுல இல்லாத சாஃப்ட்வேரா? இதுக்குப் போய் ஒரு வாட்ச்மேன்!" என்று நண்பன் குணாவிடம் வினோத் கேலி பேசுவான்.

சாரின் கம்ப்யூட்டரிலிருந்து கேள்வித்தாளைத் திருடத் திட்டம் போட்டான். அதற்கும் 'வாட்ச்மேன்' சாரே குறுக்கே வந்தார். உளவு பார்க்கும் புரோகிராம் ஒன்றை சிடியில் ஏற்றி, "நல்ல பாட்டு பிளேயர் சார்" என்று பவ்யமாக நீட்டினான் வினோத்.

"சிடியெல்லாம் வேண்டாம்ப்பா. சர்வர்ல வந்தா போட்டுக்கறேன்."

சரி, சர்வரிலேயே வந்துவிட்டால் போச்சு! இரண்டு மாதம் ராப்பகலாகப் படித்தான், பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும். சனிக்கிழமை மூன்று மணிக்கு பேக்கப் ஓடும் பத்து நிமிடம் சர்வர் முத்திரையைப் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்தான். சார் தினமும் திறப்பது பஞ்சாங்க புரோகிராம். அதன் பழைய பிரதி ஒன்றில் உளவாளியை ஒளித்து, புது அப்டேட் என்று உள்ளே தள்ளினான். அதில் இருந்தவை போன வருஷத்துத் திதிகள்தான். திதி யாருக்கு வேண்டும்?

மூன்றாம் நாள் கேள்வித்தாள் அவன் மெயிலுக்கு வந்து சேர்ந்தது.

தேர்வில் எல்லாம் அச்சு அசல் அதே கேள்விகள். கடைசி ஒன்று மட்டும் புதிது. 'நம் லேப் சர்வருக்குள் முத்திரையில்லாத சாஃப்ட்வேர் நுழையும் வழி எது? விளக்குக. 16 மார்க்.'

வினோத்துக்கு வாயெல்லாம் பல். சார் இதை வகுப்பில் நடத்தியிருப்பார், நாம்தான் கட் அடித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான். கிழமை, மணி, படம் எல்லாம் போட்டு நாலு பக்கம் எழுதித் தள்ளினான்.

அடுத்த வாரம் சார் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவன் விடைத்தாள் இருந்தது. பக்கத்தில் முதல்வருக்கு எழுதிய ஒரு கடிதம்.

"கடைசிக் கேள்விக்கு முழு மார்க் போட்டிருக்கேன். மத்தவா யாருக்குமே தெரியலை."

"நீங்க கிளாஸ்ல நடத்துனதுதானே சார்..." வினோத் அடக்கமாக நெளிந்தான்.

"நான் எங்கேப்பா நடத்தினேன்? போன மாசம் சப்தமியன்னிக்கு ஏகாதசின்னு காட்டித்து. கம்ப்யூட்டர் சொல்றதேன்னு நம்பி, பட்டினியா திருநீர்மலை ஏறினேன். பட்டர் சிரிச்சார். பஞ்சாங்கத்துல எவனோ கைவச்சிருக்கான்னு அப்பத்தான் உறைச்சுது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா எப்படி உள்ளே வந்தான்னு எனக்கே தெரியலைப்பா. அதான் பரீட்சையில கேட்டேன்."