ஆறாவது பிளக்

கரை கண்ணுக்குத் தெரியாத கடலில் விசைப்படகின் எஞ்சின் திக்க ஆரம்பித்தது. நின்றுபோனால் நீரோட்டம் எல்லைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்விடும் என்ற பயத்தோடு ரெமிஜியுஸ் எஞ்சின் அறைக்குள் இறங்கினான். டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களில் ஏதோ ஒன்றுக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொன்றின் வயர் பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது அவன் வழக்கம். நல்லதைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடும். கெட்டதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இருக்காது. முதல் பிளக்கைக் கழற்றினான். மாற்றமில்லை. இதுதான் என்று நினைத்தவன், சந்தேகத்துக்கு இரண்டாவதையும் கழற்றினான். அதற்கும் மாற்றமில்லை. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஆறாவது பிளக்கும் கழன்று தொங்கியபோது, கரண்ட் இல்லாமல் நின்றிருக்க வேண்டிய எஞ்சின் திக்குவதை விட்டுவிட்டுச் சீராக ஓடியது.

"கோளாறு தீர்ந்துட்டு போலயே மாப்ள," என்று மேலே சுக்கானைப் பிடித்திருந்த சிலுவை குரல் கொடுத்தார். "சரி, கொஞ்ச நேரம் ஆறட்டும். நிறுத்து."

ரெமிஜியுஸ் சாவியைத் திருப்பினான். பிறகு அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். வியர்வையில் அது வழுக்கியது. டீசல் குழாயின் வால்வையும் இறுக அடைத்தான். எஞ்சின் இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்தது. படகு திரும்புவது காலடியில் தெரிந்தது.

"நிறுத்துன்னுதானே சொன்னேன்," என்றார் சிலுவை. அவர் குரல் மாறியிருந்தது. "சுக்கான் கைக்கு வரமாட்டேங்குது மாப்ள."

"நிறுத்திட்டேன் மாமா," என்றான் ரெமிஜியுஸ். அந்தச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.